நாலாவது ஆளாக ஒரு கல்

துளசிமணி வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைத்திருந்த சிவப்புக் கல் ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறியபோது கருணாம்பிகை லைன் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அப்போது ஒன்பது நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை, தண்ணீர் வராத இடத்தில் கல் வளர்கிறதா தேய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம். தள்ளுவண்டித் தக்காளிக்காரர்தான் அதைத் தராசில் வைத்துப் பார்த்தார். "போன ஞாயித்துக்கிழமை ஒரு கிலோ, இன்னைக்கு மூணு கிலோ. நல்ல வளர்த்தியம்மா" என்று பிள்ளையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். துளசிமணி மட்டும் கல்லை முந்தானையால் மூடி உள்ளே எடுத்துப் போனாள்.

அந்தக் கல் அவள் வீட்டுக்கு வந்த கதை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் தொடங்குகிறது. மேசைக்கு நாலு பெண்கள். மூத்தவள் அருக்காணி, ஐம்பத்திரண்டு வயது, எதற்கும் ஒரு சாத்திரம் வைத்திருப்பாள். இளையவள் ஜெஸிந்தா, தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். நடுவில் துளசிமணியும் பூங்கோதையும். நாலு பேரும் ஒரே லைன் வீட்டில் எதிரும் புதிருமாகக் குடியிருந்தார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், ஒரே துவைகல்லில் துவைத்தார்கள். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையா, கறையா, தையல் விட்டிருக்கிறதா என்று கண்டுபிடித்து ஒதுக்குவது அவர்கள் வேலை. துளசிமணி ஒரு விரலால் தட்டினால் பீஸ் ரிஜெக்ட் கூடையில் போய் விழும். இருபது வருடத்தில் அந்த விரல் தப்பியதில்லை என்று சூப்பர்வைசரே மெச்சுவார், அவளும் அதைக் கேட்டுக் கேட்டு நம்பியிருந்தாள்.

பாறை பூங்கோதையின் போனில்தான் முதலில் வந்தது. கட்டினவன் கேரளாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டபின் அவளுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் துணை அந்தப் போன்தான். கர்நாடகத்தில் பாதாமி என்று ஓர் ஊராம், ஊரைச் சுற்றி மணற்பாறையாம், செம்மண் நிறத்தில் மைசூர்பாகு அடுக்கி வைத்த மாதிரி நிற்கிறதாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் போனை மேசை நடுவில் வைத்தாள்.

"அங்க என்ன சாமி இருக்குது?" என்றாள் அருக்காணி.

"கோயிலும் இருக்குதுங்க்கா. ஆனா நான் பாறைக்குத்தான் போலாங்கறேன். நடுவால சந்து சந்தாப் போகுது பாருங்க. அதுக்குள்ள நடந்து மேல ஏறோணும்."

"ஏறி?"

"ஏறிட்டு எறங்கோணும்."

நாலு பேரும் சிரித்தார்கள், சிரித்தபடியே சரி என்றார்கள், ஏனென்றால் வேண்டுதல் இல்லாமல், விசேஷம் இல்லாமல், யாருக்கும் மொய் எழுதாமல், கம்பெனி கூட்டிப்போகாமல் ஓர் ஊருக்குப் போய் வருவது என்று அவர்கள் வாழ்க்கையில் அதுவரை ஒன்று நடந்ததில்லை. பூங்கோதை ஒரு நோட்டுப் போட்டாள். சத்தியமங்கலம், திம்பம், மைசூர் என்று வழி எழுதினாள். நல்லசாமியின் எட்டு சீட்டு வேனைப் பேசி வைத்தாள். சேலை கட்டிக்கொண்டு பாறை ஏற முடியாது என்று சொல்லி அருக்காணியையே சுடிதாருக்குச் சம்மதிக்க வைத்தாள், அந்த ஒன்றுக்கே அவளுக்கு மாலை போட்டிருக்கலாம். நாலு பேரும் கான்வாஸ் ஷூ வாங்கினார்கள், வாங்கின ஷூவைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னிமலைப் படி ஏறிப் பழகினார்கள். தை மாதம் ஒரு ஆர்டர் முடிந்து அடுத்தது வருவதற்குள் நாலு நாள் லீவுக்கும் சொல்லியாகிவிட்டது.

பயம் துளசிமணிக்குக் கூடப்பிறந்தது. நோட்டில் திம்பம் என்ற பெயரைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அந்த மலைப்பாதையின் இருபத்தேழு வளைவும் கனவில் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் வேன் கவிழ்ந்தது. போக வேண்டாம் என்று சொல்ல வெட்கம், போகவும் நடுக்கம், இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து புரண்ட மனது கடைசியில் ஒரு குறையைத் தேடிப் பிடித்தது, குறை தேடுவதுதானே அவள் தொழில். பழனிக்குப் போனபோது வேன் நின்றது, பூங்கோதை இருந்தாள். கொடிவேரிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது டயர் வெடித்தது, பூங்கோதை இருந்தாள். கம்பெனி டூரில் ஊட்டி பஸ் பாதி மலையில் புகைந்தது, அப்போதும் ஜன்னலோரத்தில் அவள்தான் இருந்தாள். அந்த மூன்று வண்டியிலும் துளசிமணியும்தான் இருந்தாள் என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

"அவ ராசி அப்படிங்க்கா. அவ ஏறினா வண்டி நிக்கும். மலைப்பாதை வேற" என்று அருக்காணியிடம் சொன்னாள். அருக்காணி முகம் மாறியது. ஜெஸிந்தா மட்டும், "ஏ யக்கா, பாவம்லா அவ" என்றாள், என்றாளே தவிர மேலே ஒன்றும் பேசவில்லை. அவளுக்கும் திம்பம் பயந்தான்.

போய்ச் சொன்னதும் துளசிமணிதான். "பூங்கோதை, வண்டியில மூணு பேருக்குத்தான் எடமாம் சாமி. அடுத்த தடவ போலாம்." வேனைப் பேசிய பூங்கோதைக்கு அதில் எட்டு சீட்டு என்று தெரியும். தெரிந்தும், "சரிங்க்கா" என்று நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். வேறு ஏதாவது கேட்டிருந்தால், இரண்டு வசவு வைதிருந்தால் துளசிமணிக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் மூன்று என்ற கணக்கு முளைத்தது. வீட்டுக்காரம்மா கருணாம்பிகை வாசலில் நின்று கேட்டாள். "எத்தனை பேர் போறீங்?" மூணு பேர் என்றதும் வாயில் கைவைத்தாள். மூணு பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பக் கூடாது என்பது கொங்கு நாட்டில் யாருக்குத்தான் தெரியாது. டிரைவர் கணக்கில் வரமாட்டார், அவர் வண்டியோடு சேர்ந்தவர். அதற்கு மாற்றும் எல்லாருக்கும் தெரியும்: ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாக வைத்துக்கொண்டால் போதும். பொண்ணு பார்க்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் கூழாங்கல் போட்டுக்கொண்டு போவதில்லையா. எதிர் வீட்டில் ஓர் ஆள் இருக்கும்போது கல்லை எதற்குத் தேடுகிறோம் என்று அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. துளசிமணி குனிந்து துவைகல்லுக்குப் பக்கத்தில் கிடந்ததை எடுத்தாள். சொரசொரப்பான சிவப்புக் கல், பெண்கள் குதிகால் வெடிப்பைத் தேய்க்கிற கல், அதிலும் அதிகமாகத் தேய்த்தவள் பூங்கோதை. அருக்காணி அதற்கு ஒரு பொட்டு வைத்தாள். "நாலாவது ஆள் ஆச்சு" என்றாள். நோட்டில் பூங்கோதை என்ற பெயரை அடித்துவிட்டு அதே வரியில் கல் என்று எழுதினார்கள். அன்றிலிருந்து அது வளர்ந்தது.

மூன்று கிலோ ஏழாகி, ஏழு பன்னிரண்டாகி, டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இடம் போதாமல் போனபோது அதைத் தூக்கி வாசலில் குழாய்க்குப் பக்கத்தில் நிழலில் வைத்தார்கள், வைத்த அன்று சாயங்காலமே மூன்று வாரமாக வராத தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. அதோடு கல்லைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்த மாதிரி தெரியவில்லை. கருணாம்பிகை தன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள், இருபது கிலோவில் அது முறிந்தது, மர ஸ்டூல் போட்டார்கள். மூன்றாம் வீட்டுக்காரி மகளுக்கு வரன் பேச வந்தவர்களைக் கல்லுக்கு எதிரில் உட்கார வைத்தாள், வரன் அமைந்தது. டீ போடும்போது ஒரு கிளாஸ் கூடப் போட்டார்கள், அது ஆறிய பிறகு யாராவது எடுத்துக் குடித்தார்கள். சுடிதார் தைக்க வந்த டெய்லர் மூன்று பேருக்கு அளவெடுத்துவிட்டு, கேட்காமலேயே கல்லையும் சுற்றி டேப்பைப் பிடித்து, "இடுப்பு இன்னும் வளரும், கொஞ்சம் விட்டே தைக்கறேன்" என்றார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர்கூட, "இவங்க பேரு?" என்று பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். பெயர் வைக்கவில்லை. நாலாவது அம்மணி என்றே எல்லாரும் சொன்னார்கள்.

கல்லுக்கு மெல்லத் தோள் வந்தது, பிறகு முதுகு, செக்கிங் மேசையில் குனிந்து உட்கார்ந்தே பழகியவர்களுக்கு வருகிற அந்த வளைந்த முதுகு. முகம் மட்டும் வரவில்லை. அது நல்லதுதான் என்றாள் கருணாம்பிகை. "வாய் பேசாது, வம்புக்குப் போகாது, வண்டிய நிறுத்தாது. பொம்பளைன்னா இப்படி இருக்கோணும்." சுற்றி நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். அதில் பாதிப் பேர் அன்றைக்குக் காலையில்தான் வாய்ப்பேச்சுக்காக அடி வாங்கியவர்கள்.

எதிர் வீட்டில் பூங்கோதை தன் கதவைத் திறந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அட்டைப்பெட்டியை எடை போடுகிற மெஷினில் சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஒவ்வொருவராக ஏறி நிற்பார்கள், ஏறியவளைக் கேலி செய்வார்கள், இறங்கியவள் அடுத்தவளைத் தள்ளிவிடுவாள். கார்த்திகை மாதக் கடைசிச் சனிக்கிழமை பூங்கோதை ஏறியபோது மெஷின் நாற்பத்தொன்று காட்டியது. "ஏனம்மணி, உபவாசமா?" என்று சிரித்தார்கள். துளசிமணி சிரிக்கவில்லை. முந்தைய மாதம் அதே மெஷின் பூங்கோதைக்கு ஐம்பத்திரண்டு காட்டியதும், காலையில் தக்காளிக்காரர் கல்லுக்குப் பன்னிரண்டு சொன்னதும் துளசிமணியின் தலைக்குள் தாமாகவே போய்ச் சேர்ந்துகொண்டன. ஐம்பத்துமூன்று. கல்லை எடுத்த அன்று அது ஒரு கிலோ, இவள் ஐம்பத்திரண்டு, அதுவும் ஐம்பத்துமூன்று. அடுத்த சனிக்கிழமை இவள் முப்பத்தைந்து, கல் பதினெட்டு. அதற்கடுத்து இருபத்தொன்பது, இருபத்துநாலு. ஒரு கிராம் வெளியே போகவில்லை. துளசிமணி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பார்வைக்குப் பூங்கோதை இளைக்கவில்லை. அதே கன்னம், அதே கை. கனம் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. சேற்றில் நடந்தால் அவள் கால் பதியவில்லை. குழாயடியில் குடத்தைத் தூக்கினால் குடம்தான் அவளைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றினால் ஒரு காலை மேசைக் காலில் பின்னிக்கொண்டு உட்காருவாள், அப்படியும் ஒரு நாள் அவள் நாற்காலியை விட்டு அரை அடி எழும்பியதை ஜெஸிந்தா தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தாள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, காற்று வராத மூலைக்கு அவளை மாற்றினார், பீஸ் பறக்கக் கூடாது என்று பனியனின் மேல் வைக்கிற இரும்புக் கட்டையில் ஒன்றை அவள் மடியிலும் வைக்கச் சொன்னார். தைராய்டாக இருக்கும் என்றார்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவளுக்கு இப்படித்தான் ஆகும் என்றார்கள். இரண்டு நாளில் அதுவும் பழகிப்போயிற்று, காற்று அடிக்கும்போது பூங்கோதை வீட்டுக் கதவைப் போகிற வருகிறவர்கள் சாத்திவிட்டுப் போனார்கள், அவ்வளவு கரிசனம் அவர்களுக்கு இருந்தது.

துளசிமணி ஒன்றும் செய்யாமல் இல்லை. "கல்லு வேண்டாங்க்கா, அவளையே கூட்டிட்டுப் போயிரலாம்" என்று அருக்காணியிடம் கேட்டாள்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? ராசியில்லாதவன்னு சொன்னது யாரு, நானா? இந்தக் கல்லு வந்தப்பறந்தான் நாம தண்ணியவே பாத்தோம்."

சொன்னது துளசிமணிதான். அந்த வாயை மூடிக்கொண்டு வந்து, ஒரு மத்தியானம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, கல்லைச் சாக்கில் உருட்டிக் கட்டி இழுத்துப்போய்ச் சாக்கடைப் பள்ளத்தில் தள்ளினாள். மறுநாள் விடியும்போது லைன் வீட்டு ஆண்கள் அதைத் தூக்கிக் கழுவி மஞ்சள் பூசி அவள் வாசலிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எந்தப் பாவி இப்படிச் செய்தானோ என்று கருணாம்பிகை மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டாள். துளசிமணி பேயறைந்தவள் மாதிரி நின்று அந்தச் சாபத்தை முழுதாகக் கேட்டாள்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் எதிர் வீட்டுக்குப் போனாள். பூங்கோதை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மெத்தையில் பள்ளமே விழவில்லை. மடியில் அரிசி மூட்டை. காலில் அந்த கான்வாஸ் ஷூ.

"வீட்டுக்குள்ள எதுக்கு சாமி ஷூ?"

"இதப் போட்டாத்தானுங்க்கா தரையில நிக்க முடியுது."

துளசிமணி அவள் காலடியில் உட்கார்ந்தாள். "வண்டியில எடமில்லன்னு சொன்னது பொய். நீ ராசியில்லாதவன்னு நான்தான் சொன்னேன். திம்பத்துக்குப் பயந்துட்டுச் சொன்னேன்."

"தெரியுமுங்க்கா. குழாயடியில நின்னு பேசுனீங். நான் ஜன்னல் பக்கத்துலதான் இருந்தேன்."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

பூங்கோதையின் குரலும் இளைத்திருந்தது, காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. "நீங்க தள்ளி வெச்ச பீஸ் எதையாச்சும் திரும்ப எடுத்து நான் பாத்ததே இல்லையேக்கா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நானே நெனச்சுட்டேன்." பிறகு கேட்டாள், "என்னோட கணக்கு எத்தனையில இருக்குது?"

துளசிமணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நேத்து எட்டு."

"நீங்க போயிட்டு வர்றதுக்குள்ள தீந்துருமா?"

ஒரு நாளைக்கு ஒரு கிலோ. கிளம்ப மூன்று நாள், போய்வர நாலு நாள். பூங்கோதைக்கும் கணக்கு வரும். துளசிமணி அவள் ஷூக் கயிற்றை அவிழ்த்து இன்னும் இறுக்கமாகக் கட்டிவிட்டு எழுந்து வந்தாள். அன்று அவளுக்கு வந்த பயம் திம்பத்துப் பயம் போன்றதல்ல. அது கனவில் வரவில்லை, கண்ணை மூடவே விடவில்லை.

புதன்கிழமை விடியற்காலை வேன் வந்தது. லைன் வீடே வாசலில் நின்றது. கல் இப்போது நாற்பத்தொன்பது கிலோ, குத்தவைத்து உட்கார்ந்த ஒரு பெண்ணின் அளவு. அதற்காக நல்லசாமி பின்சீட்டுகளையெல்லாம் கழற்றியிருந்தார். அந்த இடத்தில் கல்லை வைத்து, பக்கத்தில் அடுப்பும் அரிசியும் தண்ணீர்க் கேனும் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியபின் வேனில் சரியாக மூன்று சீட்டுதான் மிச்சமிருந்தது. துளசிமணி அந்த மூன்றையும் பார்த்தாள். என்றைக்கோ சொன்ன பொய் காத்திருந்து உண்மையாகிவிட்டது. அருக்காணி சுடிதார் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு ஏறினாள், ஜெஸிந்தா சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். எதிர் வாசலில் பூங்கோதை நிலைக்கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழியனுப்ப நின்றாள். வேன் புகைவிட்டதும் அவள் கால் இரண்டும் ஷூவோடு தரையை விட்டுக் கிளம்பின.

"கல்ல எறக்குங்க" என்றாள் துளசிமணி.

"கல்ல எறக்கினா நான் வண்டிய எடுக்க மாட்டனுங்க" என்றார் நல்லசாமி. "திம்பம் ஏறோணும்."

துளசிமணி நேராக எதிர் வாசலுக்குப் போனாள், பூங்கோதையை இடுப்பில் வைத்துத் தூக்கினாள், நாலு கிலோ, ஆறு மாதப் பிள்ளையின் கனம்கூட இல்லை, கொண்டுவந்து ஜன்னலோரத்தில் தன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினாள். பூங்கோதையின் பெயரை அடித்திருந்த நோட்டையும் அவள் மடியில் வைத்தாள்.

"நான் வரல. என்ற எடத்துல இவ வருவா. இவ, நீங்க ரெண்டு பேரு, கல்லு. நாலு ஆச்சுல்ல?"

கூட்டம் முணுமுணுத்தது. அருக்காணி வாயைத் திறந்தாள். நல்லசாமிதான் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "எண்ணிக்கை சரியாத்தான் இருக்குது. மத்தத நாலாவது அம்மணி பாத்துக்கும்" என்று கியரைப் போட்டார். எண்ணிக்கை சரியாக இருந்தால் லைன் வீட்டுக்கும் ஆட்சேபணை இல்லை, கற்பூரம் காட்டிவிட்டுக் கலைந்துபோனார்கள்.

துளசிமணி லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் ஜெஸிந்தா போன் செய்தாள். "ஏ யக்கா, திம்பம் ஏறியாச்சு. வண்டி நிக்கவே இல்ல. பூங்கோதக்கா சன்னல்ல இருந்து நவுராம பாத்துக்கிட்டே வாரா." சாயங்காலம் மறுபடி செய்தாள். "சீட்டு அமுங்குதுக்கா! டீ குடிக்க அவளே எறங்குனா. பின்னால கல்லு கட்டுன கயிறு லொடலொடன்னு கெடக்கு." அடுத்த நாள் காலை பாதாமி போய்ச் சேர்ந்தபோது பூங்கோதை பழைய பூங்கோதையாக இருந்தாள், கல் உள்ளங்கையில் அடங்கியது. பாறைச் சந்துக்குள் நடந்து மேலே ஏறியது அவள்தான் முதலில், மற்ற இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. உச்சியில் அருக்காணி கல்லைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டுத் திரும்பினால் எங்கே பார்த்தாலும் சிவப்புக் கல், எது தங்களுடையது என்று தெரியவில்லை. அதைச் சொல்லி மூன்று பேரும் போனிலேயே சிரித்தார்கள். துளசிமணியும் சிரித்தாள், இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

மூன்றாம் நாள் மதியம், ஆளில்லாத கோடவுனில், அவள் சும்மா அந்த எடை மெஷினில் ஏறி நின்றாள். அறுபத்தொன்று. அவளுடைய வழக்கமான எடை. இறங்கப் போனவள் நின்றாள். எண் மாறியது. அறுபது எண்ணூறு. அறுபது ஐநூறு. அவள் அசையவில்லை, எண் மட்டும் இறங்கிக்கொண்டே போனது, காலடியில் இரும்புத் தகடு கொஞ்சம் கொஞ்சமாக எழும்புவது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. அவர்கள் திரும்பக் கிளம்புகிறார்கள். கல் அங்கேயே நின்றுவிட்டது. இப்போது அவர்கள் மூன்று பேர்.

போன் போட்டாள். எடுத்தது பூங்கோதை.

"கெளம்பிட்டீங்ளா?"

"வண்டி ஏறப் போறமுங்க்கா."

"கல்லு ஏதாச்சும் எடுத்தீங்ளா?"

"இப்பத்தான் அருக்காணி அக்கா ஒண்ணு எடுத்துப் பொட்டு வெச்சாங்க. மூணு பேராப் போகக் கூடாதுன்னு." அவள் குரல் தாழ்ந்தது. "அக்கா, நீங்க எங்க நிக்கறீங்?"

துளசிமணிக்கு அந்தக் கல்லைக் கீழே போடு என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? பூங்கோதையின் நாற்பத்தெட்டு கிலோ கரைந்து போகிறவரை எதிர் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், தனக்கு ஒரு கிலோ போனதும் கூவுவதா? திம்பத்து இருபத்தேழு வளைவும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன்னால் வந்தன, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வளைவுகளில் கவிழ்கிற வண்டிக்குள் அவள் இல்லை, அவர்கள் இருந்தார்கள். அதைத் தாங்க முடியவில்லை.

"எடுத்துட்டே வாங்க" என்றாள். அழுகையில் குரல் உடைந்தது. "எறக்கம் சாமி. மூணு பேரா வராதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"மெஷின் எத்தனை காட்டுது, சொல்லுங்க."

"அறுபது. இப்ப அம்பத்தொம்போதே முக்கா."

வேன் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. "ஏய், அதைய எதுக்கடி புடுங்கற?" என்று அருக்காணி கத்தியது கேட்டது. எதுவோ பாறையில் பட்டுத் தெறித்து, இன்னொரு பாறையில் பட்டு, கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது கேட்டது.

"வீசியாச்சுங்க்கா" என்றாள் பூங்கோதை. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அய்யோ, வண்டி நின்னுட்டா என்ன பண்ணுவீங்?"

"நின்னா எறங்கித் தள்ளுவோம். நாளைக்குப் பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவோம். மூணு பேருந்தான் வர்றோம், சோறு மட்டும் நாலு பேருக்கு ஆக்கி வைங்க."